வெள்ளி அடித்த சுவர்

2014 ஆகஸ்ட் மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, அலுமினியம் உருக்கும் ஆலையில், இரண்டாம் உலையின் வடக்குச் சுவருக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்கப்பட்டது.

அந்த ஆலைக்கு வருவதெல்லாம் ஊரார் கழித்துப் போட்டவை. நசுங்கிய பாத்திரங்கள், ஜன்னல் சட்டங்கள், எஞ்சினின் உடைந்த பாகங்கள், குளிர்பான டப்பாக்கள். அவற்றை உலையில் கொட்டி உருக்கி, கட்டிகளாக வார்த்து லாரியில் ஏற்றுவார்கள். உலை என்பது ஒரு சிறிய வீட்டின் அளவுள்ள இரும்புப் பெட்டி. இரும்புக்கு உட்புறம் சூடு தாங்கும் செங்கல். செங்கலுக்கு உட்புறம் உருகிய உலோகம், பார்க்கப் பால்போலச் சாதுவாக இருக்கும். அதற்கும் வெளியே நிற்கும் ஆளுக்கும் நடுவில் அந்தச் செங்கலைத் தவிர நம்பத்தக்கது எதுவும் இல்லை. செங்கல் நாளாக நாளாகத் தேயும். எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதற்குத்தான் மாதம் ஒருமுறை அவள் கேமராவுடன் வருவாள். ஆலையில் எல்லோருக்கும் அவள் கேமரா அக்கா. ஒரு சோதனை நிறுவனத்தில் வேலை. அவளுடைய கேமரா வெளிச்சத்தைப் பார்க்காது, வெப்பத்தைப் பார்க்கும். குளிர்ந்த இடம் நீலமாகவும், சூடு ஏற ஏறப் பச்சையாகவும் மஞ்சளாகவும், மிகச் சூடான இடம் வெள்ளையாகவும் திரையில் வரும். மின்பலகையில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது, எந்த மோட்டார் இன்னும் சில வாரத்தில் நின்றுபோகும், குளிர்சாதனக் கிடங்கில் எந்தச் சுவர் வழியாகக் குளிர் கசிகிறது என்றெல்லாம் சொல்வாள். ஒரு வருடம் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் தண்ணீர் போதாத செடியின் இலை மற்றச் செடிகளைவிடச் சூடாக இருப்பதைப் படமெடுத்துக் கொடுத்தாள். வீட்டில் அதைச் சொன்னபோது மாமியார், "செடிக்குக்கூடக் காய்ச்சல் பாக்கறாங்க, என் முட்டிய ஒருத்தரும் பாக்கல," என்றாள்.

ஜூலை மாதப் படத்தில் வடக்குச் சுவரில் ஒரு மஞ்சள் திட்டு வந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. நடுவில் வெள்ளை. அந்த இடத்தில் செங்கல் மெலிந்துவிட்டது, உலையைக் காலி செய்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை உலையைத் தணிக்கறோம். அப்போ பாத்துடலாம்மா," என்றார். அந்தச் சுவரை ஒட்டித்தான் உலையின் கதவு. கதவருகே நின்று, நீண்ட கம்பியால் உலோகத்தின் மேல் படியும் கசடை வாரி எடுப்பவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன். தலைமுடியை வைத்து அவனுக்கு ஆலையில் சுருட்டை என்று பெயர்.

பெயிண்ட் அடித்ததற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, அவள் படமெடுக்க வந்தாள். சுவர் புதிதாக மின்னியது. ஞாயிறன்று உலையைத் தணித்தபோது கதவு வழியாகவே அந்த ஒரு இடத்துக்கு மட்டும் புதுச் செங்கல் ஒட்டிவிட்டுப் பெயிண்டும் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். மூன்று வருடமாக அந்த உலைக்கு வைக்கும் அளவுகளையே வைத்துப் படமெடுத்தாள். சுவர் முழுவதும் நீலம். மஞ்சள் திட்டு இருந்த இடத்தில் லேசான பச்சை மட்டும். புதுச் செங்கல் ஈரம் காய்கிறது என்று அதற்கும் ஒரு காரணத்தைத் தானே சொல்லிக்கொண்டாள். "சீராக உள்ளது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கொழுந்தன் நிற்கும் இடம் ஆறிவிட்டது என்பதில் அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் முதலில் கத்தியது மாமியார்தான். தடித்த கித்தான் துணியில் உலைக்காரர்களுக்குக் கையுறை தைப்பது அவள் தொழில். தையல் மிஷினிலிருந்து எழுந்து பாத்திரம் கழுவப் போனவள், இளைய மகனின் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"என்னடா இது? அடி பூரா தீஞ்சு கெடக்கு?"

"சுவத்துச் சட்டத்துல வெச்சேன்மா. எப்பவும் வெக்கற எடம்தான். சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள எதமா சூடாயிருக்கும். இன்னிக்கு முட்ட வெடிச்சுடுச்சு."

"அவிச்ச முட்ட எங்கயாவது வெடிக்குமா? கதை விடாத."

"டமார்னு வெடிச்சுதும்மா. மேஸ்திரி உலையே போச்சுன்னு கம்பியப் போட்டுட்டு ஓடினாரு பாரு, ரெண்டு நாளா கால்வலின்னு லீவு கேட்ட மனுசன்!"

மாமியார் சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை.

"எந்தச் சுவரு?"

"வடக்குப் பக்கம், அண்ணி."

"அது ஆறிப்போச்சே. காலைலதான படம் எடுத்தேன். நேத்து செங்கல் ஒட்டினாங்கல்ல?"

"எந்தச் செங்கல்? நேத்து அங்க யாரு இருந்தா? அண்ணன் மட்டும்தான் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தாரு."

அண்ணன் என்பது அவள் கணவன். பெயிண்டர். ஆலையின் கேட், கைப்பிடிக் கம்பி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவன் கைவண்ணம். அப்போது பின்கட்டுக் குழாயடியில் நின்று, முழங்கையில் ஒட்டியிருந்த வெள்ளியை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, உலைக்குப் பெயிண்ட் அடிச்சது நீங்களா?"

"நான்தான். ஏன், நல்லா இல்லையா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் அடிக்கற செவுத்தயெல்லாம் உன்கிட்ட சொல்லிட்டா அடிக்கறேன்? நீ எடுக்கற படத்தயெல்லாம் எனக்குக் காட்டறியா?"

"மேனேஜர் என்ன சொல்லி அடிக்கச் சொன்னாரு?"

"புதன்கிழமை வெளியிலேர்ந்து பெரிய ஆளுங்க வர்றாங்களாம். லட்சணமா இருக்கணும்னாரு. மொதல்ல வடக்குச் சுவர முடி, நேரமிருந்தா மத்ததப் பாருன்னாரு."

"மத்தத அடிச்சீங்களா?"

"நேரம் எங்க இருந்துச்சு? அந்தச் சுவத்துல ஒரு எடம் என் உசிர வாங்கிடுச்சு. பிரஷ் வெச்ச உடனே பொகையுது, கொப்புளம் கொப்புளமா எழும்புது. சொரண்டிட்டுச் சொரண்டிட்டு மூணு தடவ அடிச்சேன்."

"பொகைஞ்சுதா?"

"பொகைஞ்சுது. கலப்படப் பெயிண்டு. காலைல டப்பாவத் தூக்கிட்டுப் போயி கடைக்காரன நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அவள் அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"உலை பொகையுது. அதப் போயி மேஸ்திரிகிட்ட சொல்லத் தோணல. கடைக்காரன்கிட்ட போயி சண்ட போட்டிருக்கீங்க."

"பெயிண்டு பொகைஞ்சா பெயிண்டுக்காரனத்தான கேப்பாங்க! எனக்கு என்ன உன் மாதிரி கேமராவா குடுத்திருக்காங்க?"

"என்னதான் ஆச்சு, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்," என்றாள் மாமியார்.

"அத்தை, கேமராவுக்குச் சூடு நேராத் தெரியாது. மேல்தோலு வெளிய விடற வெப்பத்தத்தான் அது பாக்கும். கறுத்துப்போன இரும்பு தன் சூட்ட ஒளிக்காம விடும். வெள்ளி பூசினா கொஞ்சமா விட்டுட்டு மிச்சத்த உள்ளயே வெச்சுக்கும். இது எந்த மாதிரி தோலுன்னு நாமதான் கேமராவுக்கு ஒரு எண்ணாச் சொல்லணும். நான் பழைய எண்ணையே சொல்லிட்டேன். சுவரு முன்னவிடக் கொதிக்குது, படம் ஆறிப்போச்சுங்குது."

"அப்போ தப்பு உன்மேலயா, அவன்மேலயா?"

"என்மேலயும்தான், அவர்மேலயும்தான். ஆனா அடிக்கச் சொன்னவன் இருக்கானே!"

"அவருக்கு இதெல்லாம் எங்க தெரிஞ்சிருக்கும்?" என்றான் கணவன்.

"நான்தான் சொன்னேன்!" அவள் குரல் உடைந்து உயர்ந்தது. "போன மாசம், அவரு ரூம்ல, டீ குடிச்சுக்கிட்டே. உலை மேல் மூடில அலுமினியத் தகடு போட்டிருக்கு சார், பளபளப்பு இருந்தா கேமரா ஏமாந்துடும், அந்த எடத்த என் படத்த வெச்சு நம்பாதீங்கன்னு சொன்னேன். அப்படியாம்மா, அப்படியாம்மான்னு கேட்டுக்கிட்டாரு. அவருக்குப் பாடம் நடத்திட்டு வந்திருக்கேன் நான்."

கொழுந்தன், "சரி, நாளைக்கு முட்ட வேணாம்மா," என்றான். மாமியார் கையிலிருந்த கரண்டியால் அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் தன் நிறுவனத்துக்குப் போன் செய்து, கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். முதலாளி பொறுமையாகக் கேட்டார். "குடுத்தத வாபஸ் வாங்கினா அடுத்த தடவ எவன் நம்மளக் கூப்பிடுவான்? அடுத்த மாசம் போறப்போ சரியா எடுத்துக் குடும்மா," என்றார். கேமரா பையைத் தூக்கிக்கொண்டு அவள் நேராக ஆலைக்குப் போனாள்.

மேனேஜர் நாற்காலி கொடுத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தாமலே எல்லாவற்றையும் நடத்திக்கொள்பவர்.

"நேத்து சீரா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கு இல்லங்கறீங்க. ஒரு ராத்திரில செங்கல் தேஞ்சுடுச்சா?"

"நேத்து நான் எடுத்தது தப்பு சார். பெயிண்ட் அடிச்சிருக்கறத கணக்குல எடுத்துக்கல."

"அப்போ உங்க தப்புக்கு நான் உலைய நிறுத்தணும். ஒரு தடவ காலி பண்ணித் திரும்பச் சூடேத்த எத்தன நாள் ஆகும், தெரியுமா?"

"செங்கல் பாக்கறேன்னுதான சார் சொன்னீங்க? செங்கலுக்குப் பதிலா எதுக்குப் பெயிண்ட் அடிச்சீங்க?"

"விருந்தாளி வர்றப்போ வீட்டுக்கு வெள்ளையடிக்கறதில்லையா?"

"ஒரே ஒரு சுவத்துக்கா?"

அவர் பேனாவை மூடினார். அவள் எழுந்து வெளியே வந்தாள்.

உலைக்கூடத்தில் அப்போது கசடு வாருகிற நேரம். கதவு திறந்திருந்தது. தடித்த கோட்டும் கையுறையுமாக மூன்று பேர் மாறி மாறி முன்னே போய், கம்பியை உள்ளே விட்டு, இழுத்து, பின்னே வந்து தண்ணீர் குடித்தார்கள். ஒவ்வொருவர் கோட்டின் முதுகிலும் வேர்வை உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. கதவு மூடப்பட்டதும் கொழுந்தன் அவளிடம் வந்தான்.

"என்ன சொன்னாரு?"

"என் கையெழுத்த எனக்கே காட்டினாரு."

"அந்தப் பளபளப்ப எடுத்துட்டா கேமராவுக்குத் தெரியுமா, அண்ணி?"

"கை அகலத்துக்குக் கறுப்பு இருந்தாப் போதும். ஆனா அந்தச் சூட்டத் தாங்கற கறுப்பா இருக்கணும்."

அவன் ஓடினான். அவன் பைக்கின் சைலன்சர் துருப்பிடித்திருந்ததால் அதற்கு அடிக்க வாங்கி வைத்திருந்த கறுப்பு ஸ்பிரே டப்பா சீட்டுக்கடியில் இருந்தது. சூடான சைலன்சருக்கென்றே விற்கிற பெயிண்ட். அதைக் கொண்டுவந்து, வெள்ளிச் சுவரில், முன்பு மஞ்சள் திட்டு வந்த இடத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்கு அடித்தான். புகைந்தது, பிறகு ஒட்டிக்கொண்டது. அவள் கேமராவைத் தூக்கினாள். நீலச் சுவரின் நடுவில் அந்த உள்ளங்கை மட்டும் வெள்ளையாக எரிந்தது. ஜூலையில் இருந்ததைவிட அதிகம்.

மேஸ்திரி திரையை எட்டிப் பார்த்து, "அடப்பாவி," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

யாரோ போய்ச் சொல்லி மேனேஜர் வந்துவிட்டார். அவரும் திரையைப் பார்த்தார்.

"கறுப்புன்னா சூட்ட இழுக்கத்தான் செய்யும். சின்ன வகுப்புலயே படிச்சதுதான? கறுப்பு அடிச்ச எடம் சூடாகுது, அடிக்காத எடம் ஆறியிருக்கு. நீங்களே நிரூபிச்சுட்டீங்க."

"சார், வெயில்ல நிக்கற சட்டைக்குத்தான் அது. இங்க சூடு உள்ளேர்ந்து வருது. பக்கத்துல வெள்ளியும் அதே சூடுதான், கேமராவுக்குத்தான் தெரியல," என்றாள் அவள்.

"அப்போ உங்க கேமராவ எதுக்கும்மா நம்பணும்?"

கொழுந்தன் சுவர் அருகே போனான். கறுப்புக்கு ஒரு சாண் தள்ளி, பளபளக்கும் வெள்ளியின் மேல் காறித் துப்பினான். எச்சில் சுர்ரென்று கத்தி, உருண்டையாகி, துள்ளித் துள்ளி இல்லாமல் போனது.

"கறுப்புதான சார் சூடு? இது வெள்ளி. வந்து கை வைங்க."

சிரிப்பு எழுந்தது. மேனேஜரின் முகம் அப்போதுதான் முதல்முறையாக மாறியது.

"உலைமேல துப்பற அளவுக்கு வந்தாச்சா? வெளிய போ. யாரக் கேட்டு ஆலைச் சுவத்துல கிறுக்கின? பெயிண்டரக் கூப்பிடுங்க."

கேட் பக்கத்தில் வேலையாக இருந்த அண்ணன் வெள்ளி டப்பாவும் பிரஷுமாக வந்தான். தம்பியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். மேனேஜர் கறுப்பைக் காட்டி, "அத மூடு," என்றார்.

அவன் மூடினான். தலையை நிமிர்த்தாமல், ஒரே சீராக. பெயிண்ட் புகைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அவனோடு பேசவில்லை. அவன்தான் பேசினான்.

"நான் அடிக்கலன்னா வேற ஒருத்தன் அடிப்பான்."

"அடிக்கட்டும். அவன் இந்த வீட்டுல படுக்கமாட்டான்ல?"

"அந்தக் கேட் வேல போச்சுன்னா எனக்கு வேற எங்க வேல இருக்கு? சொல்லு பாப்போம். உன் மொதலாளி குடுப்பானா?"

"உங்க தம்பி நின்ன எடத்துக்கு முன்னாடி நின்னு மூடினீங்க. பொகைஞ்சுது. நீங்க பாத்தீங்க. அப்பவும் கை நிக்கல."

மாமியார் மிஷினை நிறுத்தினாள். "விடும்மா. ஏதோ ஒரு வழில அவன் வெளிய வந்துட்டான். வேல போனாப் போகுது. பிள்ள முழுசா இருக்கான்ல? இனிமே அங்க என்ன நடந்தா நமக்கென்ன?"

"அத்தை, இவன் எடத்துல இன்னிக்கு மதியம் ஒருத்தன நிறுத்தியாச்சு. நீங்க தைச்ச கையுறையத்தான் அவனும் போட்டிருக்கான். அவனும் யாரோ பெத்த பிள்ளதான? என் கையெழுத்த நம்பி அங்க நிக்கறான்."

மாமியார் மிஷினில் கிடந்த கையுறையை எடுத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் திருப்பினாள். கணவன் வாசலில் போய் உட்கார்ந்தான். கொழுந்தன், "அண்ணன ரொம்பப் பேசிட்டீங்க அண்ணி," என்றான். "இன்னும் பேசல," என்றாள் அவள்.

புதன்கிழமை மதிய ஷிப்டு மாறும்போது அவள் ஆலை கேட்டுக்கு வெளியே நின்றாள். அன்று காலையே நிறுவனம் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தது. போனில் அவளிடம் மூன்று படங்கள் இருந்தன. உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டினாள். மரியாதையாகப் பார்த்தார்கள். நீலமும் மஞ்சளும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, திங்கட்கிழமை நல்லாருக்குன்னீங்க, செவ்வாய்க்கிழமை இல்லன்னீங்க. இன்னிக்கு என்ன கலரு?" என்றான் ஒருவன்.

"அவங்க வேலையே கலர் காட்டறதுதாண்டா," என்றான் இன்னொருவன்.

அவளுக்குக் கண் கலங்கியது. அழுகை இல்லை அது. அடிக்கக் கை ஓங்கி அடிக்க ஆள் கிடைக்காதவளின் ஆத்திரம்.

கேட்டின் உட்புறம் ஏணிமேல் இருந்த கணவன் கீழே இறங்கினான். பிரஷ்ஷைத் தரையில் வைத்தான். டப்பாவை மூடவில்லை.

"டேய், அவ படத்த நம்பவேண்டாம். நான் சொல்றதக் கேளுங்க. அந்தச் சுவத்துல நான் நாலு தடவ பெயிண்ட் அடிச்சிருக்கேன். நாலு தடவயும் அதே எடம் பொகைஞ்சுது. மத்த எடம் எதுவும் பொகையல. உலையத் தணிச்சு வெச்சிருந்த ஞாயித்துக்கிழமகூடப் பொகைஞ்சுது. நேத்து என் தம்பிய வெளிய தள்ளிட்டு என்ன மூடச் சொன்னாங்க, மூடினேன். என் புத்திய செருப்பால அடிக்கணும். போங்க, உள்ள போயி நில்லுங்க. பொகைஞ்ச எடத்துக்கு முன்னாடி நில்லுங்க."

காவலாளி, "பெயிண்டரே, உள்ள பெரியவங்க வர்ற நேரம்," என்றான்.

"வரட்டும். அவங்களயும் அங்க நிக்கச் சொல்லு."

மேஸ்திரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இவன் நல்ல பெயிண்டயே கலப்படம்னு கடைக்காரனோட மல்லுக்கு நின்ன ஆளு," என்றார். "சுவருதான் காரணம்னு இவனே ஒத்துக்கறான்னா அது சுவருதான்." அருகில் இருந்த கட்டையில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். கசடு வாருகிறவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காலை ஷிப்டு ஆட்கள் வெளியே வந்து, நிலைமையைக் கேட்டு, வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள்.

விருந்தினர்களின் கார்கள் வந்தபோது உலைக்கூடத்தில் ஆள் இல்லை. திட்டமிட்ட பராமரிப்புக்காக இரண்டாம் உலை நிறுத்தப்படுகிறது என்று மேனேஜர் அவர்களிடம் சொன்னார். சொல்லிவிட்டதால் நிறுத்த வேண்டியதாயிற்று. தெற்குப் பக்கத்துத் துவாரம் வழியாக உலோகத்தை வடித்தார்கள். ஆறுவதற்குச் சில நாட்கள் ஆயின.

உலையைத் திறந்தபோது வடக்குச் சுவரில், பெயிண்ட் புகைந்த இடத்துக்குப் பின்னால், இரண்டு விரல்கடை செங்கல் மிச்சம் இருந்தது. செங்கல் பிளவுக்குள் உலோகம் புகுந்து உறைந்திருந்தது.

சுவர் கட்டி முடிந்து உலை செப்டம்பரில் மீண்டும் எரிந்தது. வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கசடு வாருகிறவர்களின் சம்பளம் பிடிக்கப்பட்டது. ஆலையின் பெயிண்ட் வேலை வேறொருவருக்குப் போனது. கேமரா வேலைக்கு நிறுவனம் புதிய ஆளை அனுப்பியது. மேஸ்திரியும் மற்றவர்களும் இருமுறை எழுதிக் கொடுத்தும் கொழுந்தனின் வேலைநீக்கம் ரத்து செய்யப்படவில்லை. உத்தரவில் இரண்டு குற்றங்கள் சொல்லப்பட்டிருந்தன. அனுமதியின்றி உலைச் சுவரில் கறுப்புப் பெயிண்ட் அடித்தது. ஆலைச் சொத்தின் மீது எச்சில் துப்பியது.